பாலத்துக்கு இந்தப் பக்கம்

றொசாந்திக்கு இருந்து வேலை செய்யத் தெரியாது. குருநகர்க் கடற்கரையோரம் இருந்த நண்டுக் கொம்பனியில் அவளுக்கென்று ஒரு மேசையும் சுழல்கதிரையும் கொடுத்திருந்தார்கள். கதிரையில் பெரும்பாலும் அவளுடைய கைப்பைதான் இருக்கும். அவள் வாசலில் நிற்பாள். ஐஸ் அறைக்கு முன்னால் நிற்பாள். முற்றத்தில் லொறி நிறுத்துமிடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி போனில் கதைத்துக்கொண்டிருப்பாள். நாவாந்துறையில் நண்டு கரைக்கு வந்ததா, பூநகரியில் இருந்து வரும் பெட்டிகள் எந்தச் சந்தியைத் தாண்டின, ஐஸ் போதுமா, லொறிக்கு டீசல் அடித்தாயிற்றா என்று எல்லாம் ஒரே நேரத்தில் அவள் தலைக்குள் ஓடும். பதில் வரும்வரை கால் ஓரிடத்தில் தரிக்காது.

"உவளுக்குக் காலிலை சில்லுப் பூட்டித்தான் ஆண்டவர் அனுப்பினவர்" என்பாள் தாய் செபஸ்தியம்மா.

கொம்பனியில் சரக்கு அனுப்பும் பொறுப்பு முழுவதும் அவளுடையது. கடலில் பிடித்த நண்டு வாங்குபவனின் கைக்குப் போய்ச் சேரும்வரை எங்கேயும் சூடேறக்கூடாது, எங்கேயும் தங்கக்கூடாது. ஒரு இடத்தில் பிந்தினால் அடுத்த இடமெல்லாம் பிந்தும். இத்தனை வருடமும் அவர்களுடைய நண்டு நீர்கொழும்பில் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலைக்குத்தான் போனது. அங்கே பெட்டி மாறும், பெயர் மாறும். யாழ்ப்பாணத்து நண்டு நீர்கொழும்பு நண்டாகி விமானம் ஏறும். றொசாந்திக்கு அது பொறுக்கவில்லை. நாங்களே ஏன் நேரே அனுப்பக்கூடாது என்று முதலாளி கனகசபாபதியைக் காணும்போதெல்லாம் கேட்டாள். அவர் கொழும்பில் இருந்தபடி கொம்பனியை நடத்துபவர்; நிதானமான மனிதர். கடைசியில், "சரி பிள்ளை, நீயே ஒழுங்கு பண்ணு, பாப்பம்" என்றார்.

அவள் ஒழுங்கு பண்ணினாள். சிங்கப்பூரில் ஒருவரைப் பிடித்து, மாதக்கணக்காக மின்னஞ்சல் எழுதி, மாதிரி அனுப்பி, ஒரு முழு லொறிச் சரக்கை முதன்முதலாக வாங்கிப் பார்க்க அவரைச் சம்மதிக்கவைத்தாள். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். பெட்டிகளுக்குள் சூட்டைப் பதிகிற சின்னக் கருவி ஒன்று இருக்கும். சூடு நான்கு பாகையைத் தாண்டினதாக அது காட்டினால் சரக்கை எடுக்கமாட்டார்.

லொறி ஓடுவது றஞ்சித். றொசாந்தியின் புருசன்.

றஞ்சித் முன்பு கடலுக்குப் போனவன். தமையனுடைய படகில் இரவிரவாக வலை போட்டவன். கலியாணம் பேசி வந்தபோது றொசாந்தி சொன்னது ஒன்றே ஒன்று: "கடலுக்குப் போறவரை நான் கட்டமாட்டன். கரையிலை நிண்டு கண் பூக்கப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது." அவன் சிரித்துக்கொண்டு ஓம் என்றான். லொறி லைசென்ஸ் எடுத்தான். அவளே முதலாளியிடம் சொல்லி அவனைக் கொம்பனிக்குள் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு அவன் எங்கே நிற்கிறான் என்பது அவளுக்கு எப்போதும் தெரிந்திருந்தது. லொறியில் பூட்டியிருந்த கருவி அவளுடைய போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். கிளிநொச்சியில் அவன் தேத்தண்ணி குடித்தால் புள்ளி நிற்கும். அவன் கிளம்பினால் அதுவும் கிளம்பும்.

சிங்கப்பூர்ச் சரக்கு புறப்பட்ட அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அந்தக் கிழமை முழுக்கவே மழைதான். வன்னிக் குளங்கள் நிரம்பி வான் பாய்வதாக வானொலி சொன்னது. றஞ்சித் விடியப்புறம் லொறியை எடுத்தான். கதவைச் சாத்தும்போது, "பின்னேரம் கட்டுநாயக்கா எயார்போட்டிலை இறக்கிப்போட்டுப் போன் அடிக்கிறன்" என்றான். அவள் தலையாட்டினாள். அவனைப் பார்க்கவில்லை, பின்கதவின் பூட்டைத்தான் பார்த்தாள்.

வவுனியா தாண்டும்வரை எல்லாம் சரியாகவே போனது. மதவாச்சி, அனுராதபுரம். புள்ளி புத்தளம் வீதியில் திரும்பியது. நொச்சியாகம தாண்டி ஒரு பாலத்துக்கு முன்னால் நின்றது. றொசாந்தி ஐஸ் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி அசையவில்லை. அவள் முற்றத்துக்கு வந்தாள். அங்கேயும் அது அசையவில்லை. அழைத்தாள்.

"இஞ்சை பாலத்துக்கு மேலாலை தண்ணி போகுது" என்றான் றஞ்சித். பின்னால் மழையும் ஹோர்ன் சத்தமும் கேட்டன. "முழங்கால் அளவு இருக்கும். ஆமிக்காரர் நிண்டு ஒவ்வொண்டா விடுறாங்கள். எனக்கு முன்னாலை கொஞ்ச வாகனம் நிக்குது."

"போகேலுமே?"

"பஸ் போயிட்டுது. சீமெந்து லொறி ஒண்டும் போயிட்டுது. ஏன் ஏலாது?"

"கவனம்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். வைத்த கையோடு முதலாளிக்கு எடுத்தாள்.

கனகசபாபதி எல்லாவற்றையும் கேட்டார். "வேறை றோட்டு இருக்கோ?"

"திரும்பி அனுராதபுரம் வந்து தம்புள்ளை, குருநாகலாலை போகலாம் ஐயா. ஆனா பிளேனைப் பிடிக்கேலாது."

"அப்ப றஞ்சித்திட்டை விடு பிள்ளை. ஓடுறவனுக்குத்தான் தெரியும். அவன் போகலாம் எண்டால் போகட்டும், ஏலாது எண்டால் திரும்பட்டும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவ்வளவில் முடிந்திருக்கவேண்டிய விசயம்தான். ஆனால் றொசாந்தியால் தரிக்க முடியவில்லை. அவள் நடந்தாள். நண்டு அவிக்கும் கொட்டகைக்குப் போனாள், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாள். கதிரையில் இருந்த கைப்பையை எடுத்து மேசையில் வைத்தாள், பிறகு மேசையில் இருந்து கதிரைக்கு மாற்றினாள்.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. மீன் ஏற்றுமதி ஆட்களின் குழு ஒன்றில் யாரோ போட்டிருந்தார்கள். மண்ணிறத் தண்ணீர். பாலத்தின் நடுவில் ஒரு பஸ். பஸ் மெல்லச் சாய்கிறது. சாய்ந்தபடியே பக்கவாட்டில் நகர்கிறது. கரையில் நிற்பவர்கள் கத்திக் குழறுகிறார்கள். பிறகு பஸ்ஸின் கூரை மட்டும் தெரிகிறது. கீழே ஒரு வரி எழுதியிருந்தது: "நொச்சியாகம பக்கம், இப்ப."

நண்டின் தரம் பார்க்கும் துஷாந்தினி வெள்ளை மேலங்கியோடும் றப்பர்ச் சப்பாத்தோடும் அந்த நேரம் உள்ளே வந்தாள். உரும்பிராய்ப் பிள்ளை, பல்கலைக்கழக வளாகத்தில் படித்து முடித்துக் கொம்பனிக்கு வந்து அதிக காலமில்லை. "என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள். றொசாந்தி போனை அவளிடம் நீட்டினாள். துஷாந்தினி பார்த்துவிட்டு, "கடவுளே" என்று வாயைப் பொத்தினாள்.

றொசாந்தி மறுபடி றஞ்சித்துக்கு எடுத்தாள்.

"அங்கை பஸ் ஒண்டைத் தண்ணி அடிச்சுக்கொண்டு போகுதாம்!"

"ஆர் சொன்னது? பஸ் அந்தப் பக்கம் போய் நிண்டு கைகாட்டிப்போட்டுப் போயிட்டுது. நான் கண்ணாலை பாத்தனான்."

"வீடியோ வந்திருக்கு, இஞ்சருங்கோ. திரும்புங்கோ. குருநாகலாலை போங்கோ."

"திரும்பினால் உன்ரை சிங்கப்பூர் போச்சு."

"போனால் போகட்டும்!"

"றொசா, எனக்குத் தண்ணியைத் தெரியாதே? பத்து வருசம் தண்ணியிலை கிடந்தவன்."

"அது கடல். உது வேறை தண்ணி. சொன்னால் கேளுங்கோவன்!"

"முன்னாலை ஒருத்தன்தான் நிக்கிறான். வைக்கிறன். அங்காலை போய் எடுக்கிறன்."

அவள் திரும்ப எடுத்தாள். மணி போனது, அவன் எடுக்கவில்லை. இன்னொருமுறை எடுத்தாள். எடுக்கவில்லை.

லொறியில் பூட்டியிருந்த அந்தக் கருவிக்கு இன்னொரு வேலையும் தெரியும். வாகனத்தை யாராவது களவெடுத்தால், இருந்த இடத்தில் இருந்தே எஞ்சினை நிற்பாட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்யக்கூடாது, நிற்கும்போது மட்டும்தான் என்று பூட்ட வந்தவர் சொல்லியிருந்தார். அதை அவர்கள் ஒருநாளும் பாவித்ததில்லை. றொசாந்தி திரையைப் பார்த்தாள். புள்ளி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடுகிறது என்று பச்சையில் காட்டியது. குளிர்ப்பெட்டிக்காக அவன் அதை அணைக்காமல் வைத்திருந்தான்.

"அக்கா, எஞ்சின் நிண்டால் குளிரும் நிண்டுடும்" என்றாள் துஷாந்தினி, அவளுடைய விரல் எங்கே போகிறது என்பதைக் கண்டு.

றொசாந்தி அமத்திவிட்டாள்.

பச்சை சிவப்பானது. முற்றத்தில் மழை தகரத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"லொறி நிண்டுபோச்சு" என்றான் றஞ்சித். "என்னெண்டு தெரியேல்லை. என்ரை முறை வந்து கிளட்சிலை கால் வைக்கிறன், பொக்கெண்டு நிண்டுபோச்சு. ஸ்டார்ட் வருகுதில்லை."

அவள் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தாள்.

"பொறு, பொனற்றைத் திறந்து பாக்கிறன்." போனை அவன் வைக்கவில்லை, சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும். மழையும், இரும்புச் சத்தமும், பின்னால் நின்றவர்கள் சிங்களத்தில் சத்தம் போடுவதும் அவளுக்குக் கேட்டன. வேறு யாரோ வந்து அவனுக்கு உதவி செய்தார்கள். பற்றறியைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து "ஏலே, ஏலே" என்று லொறியைத் தள்ளினார்கள். பாதை விடத்தான். அவனுடைய குரல் அவர்களோடு சேர்ந்து முக்கியது. இவ்வளவையும் அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு நொடியும் நினைத்தாள்.

"ஒதுக்கிப்போட்டம்" என்று அவன் இளைத்தபடி திரும்ப வந்தான். "டீசல் லைனா இருக்குமோ தெரியாது. பாசைப் பிரச்சினை வேறை. நீ புத்தளத்திலை ஆரும் மெக்கானிக் இருந்தால் ஒருக்கா..."

"நான்தான்" என்றாள் றொசாந்தி.

"என்ன?"

"நான்தான் நிப்பாட்டினனான். போனாலை."

அந்தப் பக்கம் பொனற்றை மூடும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு நேரமும் நான் மழைக்குள்ளை நிண்டு பொனற்றுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறன்" என்றான் அவன், மெதுவாக. "பத்துப் பேர் வந்து தள்ளினவங்கள். ஒரு ஆமிக்காரப் பொடியனும் சேத்துக்குள்ளை இறங்கினவன். நீ கேட்டுக்கொண்டு நிண்டனீ?"

"திரும்புறன் எண்டு சொல்லுங்கோ. உடனை விடுறன்."

"விடு."

"திரும்புறன் எண்டு சொல்லுங்கோ."

அவன் போனை வைத்துவிட்டான்.

றொசாந்தியின் வாழ்க்கையில் அதைப்போல நீண்ட ஒரு நேரம் வந்ததில்லை. புள்ளி சிவப்பாகக் கிடந்தது. அவள் முற்றத்தை அளந்தாள். மழையில் நனைவது தெரியாமல் நனைந்தாள். துஷாந்தினி மடிக்கணினிக்கு முன்னால் இருந்து அந்தச் சின்னக் கருவி அனுப்பும் கணக்கில் பெட்டிக்குள் ஏறும் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூண்டைத் தாண்டுது அக்கா" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் கழித்து, "நாலு" என்றாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

கனகசபாபதி எடுத்தார். "லொறி ஏன் பிள்ளை நிக்குது?" அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "அவன் திரும்பட்டும், திரும்பாமல் விடட்டும், எஞ்சினை முதல் விடு" என்றார். "மழைக்குள்ளை நடுறோட்டிலை ஒரு மனிசனைக் கட்டிப்போட்டு வைக்கிறது சரியில்லை."

அவள் விட்டாள். சிவப்பு பச்சையானது. இனி அவன் போகலாம். அவனைப் பிடிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. ஒருமுறை அமத்தினதைத் திரும்ப அமத்தத் தன் கை வராது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்தது. புள்ளி கன நேரம் நின்றது. பிறகு அசைந்தது. பின்பக்கமாக, அனுராதபுரத்தை நோக்கி.

அவள் முற்றத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். அது ஆறுதலா வேறு ஏதாவதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பாலத்தில் ஒரு வாகனத்தையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகவில்லை. இருட்டுமுன் தண்ணீர் வற்றிவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் இருந்து மரக்கறி ஏற்றிப்போன லொறிகள்கூட அதால் போய் நேரத்துக்குக் கொழும்பில் இறக்கின. அந்த வீடியோவைத் தேடிப் பிடித்த துஷாந்தினி, அது வேறு ஏதோ நாட்டில் சில வருடங்களுக்கு முன் எடுத்தது என்று மறுநாள் சொன்னாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. "நானும் நம்பினனான் அக்கா" என்றாள். றொசாந்தி அதைக் கேட்டும் கேளாதவள்போல ஐஸ் அறைக்குள் போய்விட்டாள்.

றஞ்சித் கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்தில் ஏற்றலாமா என்று கேட்டு றொசாந்தி சிங்கப்பூருக்கு எழுதினாள். சூட்டுப் பதிவைப் பார்த்தபின் முடியாது என்று பண்பாகப் பதில் வந்தது. நண்டை நீர்கொழும்புத் தொழிற்சாலைதான் எடுத்தது. அவர்களுக்கு அது புதிதில்லை. அதே பெட்டி மாற்றம், அதே பெயர் மாற்றம்.

றஞ்சித் வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். அடுத்த நாள் லொறித் திறப்புக் கொத்தைக் கொண்டுபோய்க் கொம்பனி மேசையில் வைத்தான்.

"இனி ஓடமாட்டன்."

"கோவத்திலை செய்யாதேங்கோ" என்றாள் றொசாந்தி.

"கோவம் இல்லை. நீ விட்டாப் பிறகு நான் அந்தத் தண்ணியை ஒருக்காப் பாத்தனான். அதுவரைக்கும் எனக்குப் பயம் இருக்கேல்லை. பிறகு கால் கூசிச்சுது. வரேக்கை கூட, பாலம் கண்ட இடமெல்லாம் உன்ரை குரல்தான் கேட்டது. அப்பிடி ஒருத்தன் லொறி ஓடேலாது."

அந்தக் கிழமையே அவன் தமையனுடைய படகில் ஏறினான். செபஸ்தியம்மா மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ செய்தது பிழையெண்டு நான் சொல்லமாட்டன் பிள்ளை" என்றாள். "உன்ரை கொப்பர் கடலுக்குப் போன காலத்திலை என்ரை கையிலை அப்பிடி ஒண்டு இருந்திருந்தால் நான் தினமும் அமத்தியிருப்பன். அவர் ஒருநாளும் கரையை விட்டுப் போயிருக்கமாட்டார். நாங்களும் பட்டினி கிடந்து செத்திருப்பம்."

றொசாந்தி சிரிக்கவில்லை. அம்மா பகிடி விட்டாளா, உண்மையாகச் சொன்னாளா என்று அன்று முழுக்க யோசித்தாள்.

பகலில் அவளுக்கு வேலை இருந்தது. விடியும் வேளையில் கடற்கரைக்குப் போவாள். எந்த அழைப்புக்கும் பதில் வராத இடத்தில் அவன் இருந்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் நடப்பாள். படகுகள் வந்து வலை தட்டத் தொடங்கியதும், தமையனுடைய படகைக் கண்டதும், அவன் காணுமுன் திரும்பி வந்துவிடுவாள்.

மாதம் ஒன்று போன பிறகு கனகசபாபதி யாழ்ப்பாணம் வந்தார். அவளுடைய மேசைக்கு எதிரில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். கைப்பையை எடுத்து அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். இருந்தாள்.

"ஒண்டே ஒண்டு கேக்கிறன்" என்றார். "அண்டைக்கு லொறி ஓடினது சிவரூபன் எண்டு வை. நீ அமத்தியிருப்பியே?"

சிவரூபன் கொம்பனியின் மற்ற லொறிச் சாரதி. அவனுக்கும் பெண்சாதி இருக்கிறாள். நல்லூரில் ஒரு தையல் கடையில் வேலை.

ஓம் என்பது றொசாந்தியின் வாய்வரை வந்தது. அவள் கதிரையில் இருந்து எழும்பப் பார்த்தாள்.

"பதில் எனக்கு வேண்டாம்" என்றார் அவர் எழுந்தபடி. "சிங்கப்பூர்க்காரனுக்கு நான் கதைச்சனான். இன்னொருக்கா எடுத்துப் பாக்கிறானாம். ஒழுங்கு பண்ணு."

அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. பெட்டிகளை எண்ணும்போது வந்தது, தேவாலயத்தில் முழந்தாளில் நின்றபோது வந்தது. சிவரூபன் என்றால் முதலாளி சொன்னதோடு விட்டிருப்பாள், "கவனம் தம்பி" என்று சொல்லிப் போனை வைத்திருப்பாள் என்று ஒரு மனம் சொன்னது. வீடியோவைப் பார்த்தபிறகு யாராக இருந்தாலும் அமத்தியிருப்பாள் என்று மற்ற மனம் சொன்னது. முதல் மனம் சொன்னது உண்மையென்றால், புருசனுக்கு ஒன்று மற்றவனுக்கு ஒன்று என்று பார்க்கும் அவள் சரக்கு அனுப்பும் வேலைக்குத் தகுதியில்லாதவள். மற்றது உண்மையென்றால், றஞ்சித்தைக் கேளாமல் தான் செய்தது அவனுக்காகவா, தன் பயத்துக்காகவா என்று அவளுக்கு விளங்கவில்லை.

இரண்டாவது சரக்கு தை பிறந்தபின் புறப்பட்டது. சிவரூபன் ஓடினான். பருவம் தப்பின மழை ஒன்று அன்றைக்கென்று பிடித்துக்கொண்டது. அனுராதபுரத்தில் நின்று அவன் எடுத்தான்.

"அக்கா, புத்தளம் றோட்டிலை திரும்பவும் தண்ணியாம். கனக்க இல்லையாம். போகவோ?"

அவள் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை ஒரு அவகாசத்தோடு விமானம் பார்த்து வைத்திருந்தாள். மற்ற வழியால் போனாலும் பிடிக்கலாம்.

"குருநாகலாலை போ" என்றாள்.

"சுத்து அக்கா."

"தெரியும். போ."

அவன் போனான். தம்புள்ளை, குருநாகல், நாரம்மல என்று புள்ளி இறங்கிக்கொண்டே போனது. அவள் அன்று முழுக்க ஒரு வாய் சோறு தின்னவில்லை. பின்னேரம் கட்டுநாயக்காவில் இருந்து சிவரூபன் எடுத்து, "இறக்கியாச்சு, எல்லாம் ரெண்டு பாகைக்குள்ளை" என்றான். துஷாந்தினி கைதட்டினாள். நண்டு அவிக்கும் பெண்களெல்லாம் வெளியே வந்து சிரித்தார்கள். கனகசபாபதி, "நல்லாச் செய்தாய் பிள்ளை" என்று போனில் குரல்செய்தி அனுப்பினார். அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

அன்று கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகுகள் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது றஞ்சித் முன்வாசல் படியில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். வேலையை விட்ட நாளில் இருந்து கொம்பனியைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அவள் செருப்பைக் கழற்றினாள்.

"போய்ச் சேந்துதோ?" என்றான் வலையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓம்."

"எந்த றோட்டாலை?"

"குருநாகலாலை. புத்தளம் றோட்டிலை தண்ணி எண்டவன்."

றஞ்சித் ஊசியை ஒரு கண்ணிக்குள்ளால் இழுத்து முடிச்சுப் போட்டான். "கிரியுல்லையிலை ஒரு பாலம் கிடக்கு" என்றான். "மகா ஓயாவுக்கு மேலாலை. அண்டைக்கு நான் அதாலை போகேக்கை தண்ணி பாலத்தைத் தொட்டுக்கொண்டுதான் ஓடினது. புத்தளத்துத் தண்ணியிலும் பாக்க அது வேகம்."

திரும்புங்கோ என்று கத்தி றொசாந்தி அவனை அனுப்பிய வழி அது. அவன் மழைக்குள் தனியே போன வழி. புள்ளி திரும்பிவிட்டது என்று அவள் அழுது ஓய்ந்த பிறகு அவன் அங்கே நின்றிருக்கிறான். இன்று சிவரூபனும் அதால்தான் போயிருக்கிறான். அவள் அவனிடம் அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே, றொசா."

அவன் குரலில் குத்தல் இருக்கவில்லை. அவள் படியில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். கைப்பை தோளில் கிடந்தது, கழற்ற மறந்துபோனாள். கடல்பக்கம் இருந்து காற்று உப்போடு வந்தது.

"இப்ப கேக்கிறன்" என்றாள். "அந்தப் பாலத்திலை என்ன செய்தனீங்கள்?"

அவன் வலையை மடியில் விட்டான். சொல்லத் தொடங்கினான். நாரம்மலச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரன் ஒருவன் தடுத்ததில் இருந்து தொடங்கினான். கைப்பைக்குள் அவளுடைய போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. பூநகரியாகத்தான் இருக்கும், நாளைக்கு எத்தனை பெட்டி என்று கேட்பார்கள். அவளுடைய கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. அவன் அதைப் பார்த்தான். கதையை நிறுத்தாமல், தன் ஒரு கையை அவளுடைய முழங்காலில் வைத்தான். அவள் எழும்பிப் போகவில்லை.